கூப்பிடும்போது தமிழ், அனுப்பும்போது இங்கிலீஷா?



பத்து நாளாக டீச்சரைக் காணோமே, காலை வணக்கம்கூட வரவில்லையே என்று பலர் கேட்டிருந்தீர்கள். போன் செய்தவர்களுக்கு என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். விஷயம் இதுதான். கீழ்த்தாடையில் வலது பக்கக் கடைசிப் பல்லை, ஞானப்பல் என்கிறார்களே அதை, எடுத்துவிட்டேன்.

64 வயதில் ஞானப்பல்லா என்று சிரிக்காதீர்கள். 20 வயது வாக்கில் முளைக்க வேண்டிய பல் அது. எனக்குப் பாதி முளைத்து, பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்துகொண்டு, மீதி ஈறுக்குள்ளேயே 40 வருடமாகப் படுத்திருக்கிறது. இப்போது பக்கத்துப் பல்லையும் சொத்தையாக்க ஆரம்பித்துவிட்டது. எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது தேவலை. சோறு தின்கிறேன், பேசுகிறேன். பேச ஆரம்பித்ததும் முதலில் பேச வேண்டியது இதைத்தான் என்று தோன்றியது. நீளமான பதிவு. வேலையில் இருப்பவர்கள் ராத்திரி படியுங்கள். டாக்டர், பல் டாக்டர், நர்ஸ், மருந்துக்கடை என்று இருக்கிற என் பிள்ளைகள் மட்டும் கட்டாயம் கடைசி வரி வரை படிக்க வேண்டும். இது உங்களுக்கான வீட்டுப்பாடம்.

கோயம்புத்தூரில் ஒரு பல் ஆஸ்பத்திரி. பெயர் சொல்ல மாட்டேன். நல்ல டாக்டர், பொறுமையான பையன், என் மகன் வயசு இருக்கும். ஊசி போட்டது மட்டும் சுருக்கென்று இருந்தது. அதற்கப்புறம் ஈறைக் கீறினார், பல்லை இரண்டாக வெட்டி எடுத்தார், தையல் போட்டார். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அவர் கைவேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, பாதி முகம் மரத்துப்போய், வெளியே வந்து உட்கார்ந்தேன். மேசையில் இருந்த பெண் என் கையில் ஒரு தாளையும் மருந்துச் சீட்டையும் கொடுத்து, "எல்லாம் இதுல இருக்குங்க மேடம்" என்றாள். ஒரு பக்கத் தாள். மேலே ஆஸ்பத்திரி பெயர் கலரில். கீழே 14 வரி, எறும்பு சைஸ் எழுத்தில். 14 வரியும் இங்கிலீஷ்.

அந்த ஆஸ்பத்திரியின் வாசலில் இருக்கும் போர்டு என்ன மொழி தெரியுமா? ஆள் உயரத் தமிழ் எழுத்து. "வலியில்லாத பல் சிகிச்சை." அதற்குக் கீழே, "தவணை முறையில் கட்டணம் செலுத்தலாம்." பஸ்ஸில் போகிறவனுக்குக்கூடக் கண்ணில் படும். கூப்பிடும்போது தமிழ். காசு வாங்கும்போது தமிழ். வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் இங்கிலீஷ். இதென்ன நியாயம்?

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். ஆசிரியர் பயிற்சி மட்டுமே முடித்தவள் என்றாலும் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் இங்கிலீஷ் நடத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே என்ன ஆனது என்று கேளுங்கள்.

சூலூர் வந்து சேர்வதற்குள் மரத்தது விட ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியைத் தேடி எடுத்துத் தாளைப் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும் என்ற வரி கண்ணில் பட்டது. அதே வரியின் கடைசியில் "24 மணி நேரத்துக்குப் பிறகு" என்று இருந்திருக்கிறது. வலியோடு படித்த கண்ணில் அது படவில்லை. அந்த நேரம் பார்த்து என் நங்கையா, வீட்டுக்காரரின் அக்கா, வந்து சேர்ந்தார். "அம்மிணி, கெட்ட ரத்தத்தை வாயில வெச்சிருக்காத. நல்லாக் கொப்பளிச்சுத் துப்பு" என்றார். தாளும் அதையே சொல்கிறது, பெரியவர்களும் அதையே சொல்கிறார்கள். கொப்பளித்தேன். பொடக்காளிக்கும் ஹாலுக்கும் நடந்து நடந்து ராத்திரி முழுக்கத் துப்பினேன். மறுநாள் இளநீர் வாங்கி வந்தார்கள். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக் குடித்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி வந்தது பாருங்கள் ஒரு வலி. இரண்டு பிள்ளை பெற்றவள் சொல்கிறேன், அப்படி ஒரு வலி. கம்பியைக் காய்ச்சிக் காதுக்குள் விட்ட மாதிரி. மாத்திரை கேட்கவில்லை. விடியும் வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

காலையில் ஓடினோம். டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார், டிரை சாக்கெட் என்று. பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்க வேண்டும். எலும்புக்கும் நரம்புக்கும் அதுதான் மூடி. அதன் அடியில்தான் புதுச் சதை வளரும். விதை போட்டு மூடின மண்ணை நோண்டிப் பார்க்கக் கூடாது என்று குடியானவனுக்குத் தெரியும். நான் நோண்டினது மட்டுமில்லை, தண்ணீர் விட்டு அடித்துக்கொண்டே போயிருக்கிறேன். மூடி போய்விட்டது. எலும்பு வெறுமனே நிற்கிறது. குழியைக் கழுவி, கிராம்பு வாசம் அடிக்கும் மருந்தை வைத்து அடைத்தார். கொஞ்ச நேரத்தில் உயிர் வந்தது. அந்த மருந்தை மாற்ற இன்னும் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கொப்பளிக்காமல் இருந்திருந்தாலும் சிலருக்கு இது வரலாம், கீழ்த்தாடைப் பல், வெட்டி எடுத்த பல் என்றால் வாய்ப்பு அதிகம் என்று டாக்டரே சொன்னார். சரி. என் தப்பும் உண்டு, அவசரமாகப் படித்தேன். ஆனால் அவர் அடுத்துச் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது.

"பேப்பர்லயே போட்டிருந்தோமேம்மா."

என் கோபம் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான்.

எனக்காவது போகட்டும். மருந்து மாற்றப் போன அன்று பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். அன்னூர்ப் பக்கம் தோட்டக்காரர், 70 வயதுக்கு மேல் இருக்கும். அன்றுதான் அவருக்குப் பல் எடுத்திருந்தார்கள். ஒரு கையில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் அதே தாளை என்னிடம் நீட்டினார்.

"ஏனுங் அம்மிணி, டீச்சராட்டம் இருக்கறீங்க. இதுல என்னமோ போட்ருக்குதுங், சித்த படிச்சுச் சொல்லுங்."

ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். புகையிலை கூடாது என்ற வரி வந்ததும், "அட, வலிச்சா அந்தப் பக்கமாப் போயிலைய அதக்கிக்கலாம்னு இருந்தனுங்" என்றார். அதற்கு அடுத்த வரி, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்த வேண்டாம் என்று இருந்தது. பெரியவர் முழித்தார். நெஞ்சுக்கு ஸ்டெண்ட் வைத்த மனுசர். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். பல் எடுத்தால் ரத்தம் நிற்காது என்று ஊரில் யாரோ சொல்லப்போய், இரண்டு நாளாக அதை அவராகவே நிறுத்திவிட்டார். மறுபடி எப்போது ஆரம்பிப்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் பதறிப்போய் உடனே பெரியவரின் இதய டாக்டருக்குப் போன் போட்டார். நல்ல மனுசர்தான், மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தது தற்செயல். இல்லாவிட்டால் அந்தத் தாள் மடித்து மடியில் சொருகப்பட்டு அன்னூருக்குப் போயிருக்கும். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், அப்போதும் "பேப்பர்லயே போட்டிருந்தோமே" என்றுதானே சொல்லியிருப்பார்கள்?

பல் எடுப்பது முக்கால் மணி நேரம். அது டாக்டர் வேலை. ஆறுவது ஒரு வாரம், பத்து நாள். அது வீட்டில் நடக்கிற வேலை. அந்தப் பத்து நாளும் வீடுதான் வார்டு. மருமகளும் வீட்டுக்காரரும் நங்கையாவும்தான் நர்ஸ். அந்த நர்ஸுகளுக்கு நீங்கள் கொடுக்கும் ஒரே பயிற்சி அந்த ஒரு தாள்தான். அதையும் அவர்களுக்குத் தெரியாத பாஷையில் கொடுத்தால், பத்து நாள் வைத்தியத்தைப் பாதியிலேயே கைவிட்டதாகத்தான் அர்த்தம்.

இதைச் சொன்னால் வரும் பதில்கள் எனக்குத் தெரியும். 34 வருடம் சாக்குக் கேட்டவள் நான்.

"வாயாலயும் சொல்லித்தான் அனுப்பறோம்" என்பார்கள். எப்போது சொல்கிறீர்கள்? வாயில் பஞ்சை வைத்து அடைத்த பிறகு! திருப்பிக் கேள்வி கேட்க முடியாத ஒரே மாணவர் பல் பிடுங்கிய நோயாளிதான். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது பாடக்குறிப்பு எழுத. அதில் கடைசிக் கட்டம் மதிப்பிடுதல். நடத்தினதைப் பிள்ளையைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். திருப்பிச் சொன்னால்தான் பாடம் முடிந்தது. சொல்லிவிட்டோம் என்பது பாடம் நடத்தியது ஆகாது. உலகத்தில் பல ஆஸ்பத்திரிகளில் இன்று இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள். "நான் சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று நோயாளியிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். எங்களுக்கு 40 வருடத்துக்கு முன்னாலேயே தெரிந்தது, இவ்வளவு படித்தவர்களுக்குத் தெரியாதா?

இதை எழுதும்போதே எனக்கு ஒன்று உறைக்கிறது. "நேத்தே நடத்தினேனே, ஏன் தெரியல?" என்று நானும் உங்களை எத்தனை தடவை நிற்க வைத்திருக்கிறேன். ஸ்கேலால் கையில் அடித்ததும் உண்டு. உங்களுக்குப் புரியவில்லை என்பது என் பாடத்தின் குறை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. 90களில் என்னிடம் படித்தவர்கள் இதைப் படித்தால், அந்த அடிகளுக்காக டீச்சரை மன்னித்துவிடுங்கள். காதுவலியோடு உட்கார்ந்திருந்த அந்த ராத்திரியில்தான் எனக்கு அது புரிந்தது.

"தமிழ்ல போட்டா மட்டும் யார் படிக்கிறாங்க?" என்பது அடுத்த சாக்கு. டீக்கடையில் பேப்பரை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துப் படிக்கிற ஊர் இது. ரேசன் கடைப் பலகையை, கோயில் நோட்டீசை, ஜோசியப் பலனை ஒரு எழுத்து விடாமல் படிக்கிற சனம் இது. தனக்காக எழுதினதை எவரும் படிப்பார்கள். 14 வரியைத் தனக்கில்லை என்று ஒதுக்கிவைக்கக் காரணம், அதை நீங்கள் அவர்களுக்காக எழுதவில்லை என்பதுதான்.

"மருத்துவத்துக்குத் தமிழ்ல வார்த்தை இல்லைங்க" என்பது மூன்றாவது. இதற்குத்தான் எனக்கு ரொம்பக் கோபம் வரும். 1847-இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்று ஒரு அமெரிக்க டாக்டர் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தினார். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக் கொடுத்தார். தன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு உடற்கூறு, அறுவை வைத்தியம் என்று பெரிய பெரிய புத்தகங்களையே தமிழாக்கினார். அறுவை சிகிச்சைப் புத்தகமான இரண வைத்தியம் வந்தது 1867-இல். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரு மனுசன் 150 வருடத்துக்கு முன்னால் முழுப் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவந்தார். கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்த நமக்கு 14 வரி முடியாதா?

நம்ம ஊர்க் கதையும் இருக்கிறது. தமிழில் அறிவியலுக்கென்றே ஒரு மாத இதழை, கலைக்கதிரை, பல்லாண்டு காலம் நடத்திய ஊர் கோயம்புத்தூர். ஜி.ஆர்.தாமோதரன் மாதிரி ஆட்கள் கல்லூரியும் கட்டினார்கள், தமிழில் அறிவியல் பத்திரிகையும் நடத்தினார்கள். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு தமிழில் வார்த்தை இல்லை என்றால் கேட்கிறவன் சிரிப்பான்.

அப்புறம், இந்தத் தாளுக்குக் கலைச்சொல்லே தேவையில்லை. துப்பாதீங்க, உறிஞ்சாதீங்க, சூடா எதுவும் வேண்டாம், புகையிலை வேண்டாம். இதற்கு எந்த அகராதி வேண்டும்?

மருந்துச் சீட்டும் அப்படித்தான். எஸ்.ஓ.எஸ். என்றால் ஆபத்தில் இருக்கும் கப்பல் உதவி கேட்டு அனுப்பும் செய்தி என்று உங்களுக்கெல்லாம் நடத்தியிருக்கிறேன். மருந்துச் சீட்டில் அதற்கு "தேவைப்பட்டால் மட்டும்" என்று அர்த்தமாம். டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. காலை, மதியம், ராத்திரி, சாப்பிட்ட பின் என்று தமிழில் எழுத எத்தனை நொடி ஆகும்?

"நேரமில்லை" என்பது கடைசிச் சாக்கு. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க இரண்டு நிமிடம். கேட்காததால் நான் மூன்று தடவை கூடுதலாகப் போய் அதே டாக்டர் நேரத்தை எடுத்துக்கொண்டேன். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இது தயவும் இல்லை, உரிமை. ஒரு சிகிச்சைக்கு முன்னால் நோயாளிக்குப் புரியும்படி விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2018-இல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், தெரிந்த மொழியில் விளக்கம் பெறுவதை நோயாளியின் உரிமை என்றே எழுதி வைத்திருக்கிறது.

இதை மொழிப் பெருமைப் பேச்சு என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் நம்ம ஊர் மில்லிலும் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் பல் வலிக்கும். அவர்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் கொடுங்கள். இங்கிலீஷ் படித்தவர்களுக்கு இங்கிலீஷிலேயே கொடுங்கள். நோயாளி எந்த மொழியில் வலிக்கிறது என்று சொன்னாரோ, அந்த மொழியில் பதில் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

டாக்டர்களை மட்டும் திட்டினால் நியாயமாகாது. ஒறம்பரை சனமே, உங்களுக்கும் நான்கு வார்த்தை.

பல் எடுத்தவளைப் பார்க்க வரும்போது முறுக்கும் தட்டுவடையும் ஆப்பிளும் வாங்கி வந்தீர்கள். பேரனுக்குக் கொண்டாட்டம். வாயைத் திறக்காதே என்று சொல்லி அனுப்பிய நோயாளியிடம் "என்னாச்சு, முதல்ல இருந்து சொல்லு" என்றீர்கள். வந்தவர்களுக்குக் காபி போட யார் எழுந்தது? வாயில் பஞ்சோடு நான்தான். பொம்பளைக்கு ரெஸ்ட் என்று டாக்டர் சொன்னால், ஆஸ்பத்திரிக் கட்டில் இருந்தால்தான் அது ரெஸ்ட். வீடு வந்துவிட்டால் அடுப்படி என்று நினைக்கிறோம். இந்தப் பத்து நாளில் வீட்டுக்காரர் அரிசிம்பருப்பு சாதம் வைக்கக் கற்றுக்கொண்டது மட்டும் நல்ல விஷயம்.

இன்னொன்று. "பல்லைப் புடுங்கினா கண்ணு மங்கிப்போகும்" என்று குறைந்தது ஐந்து பேர் சொன்னீர்கள். எடுத்தது கீழ்ப்பல் என்றதும், "மேல் பல்லுன்னாத்தான் ஆகாது" என்று மாற்றிக்கொண்டீர்கள். மேல் பல்லாலும் ஆகாது. பல்லுக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பார்வை நரம்பு கண்ணிலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. அதற்குப் பல்லோடு ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தப் பயத்தால் சீழ் வைத்த மேல் பல்லோடு வருடக்கணக்காகக் கஷ்டப்படுகிறவர்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். பேரன் பேத்திக்கும் இந்தப் பயத்தைக் கடத்தாதீர்கள். அதேபோல, ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொருவர் கடையில் வாங்கிப் போடுவதையும் விட்டுவிடுங்கள்.

என் நங்கையாவின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவருக்குத் தெரிந்ததைப் பாசமாகச் சொன்னார். சரியானதை அவருக்குப் புரிகிற மொழியில் யாரும் சொல்லாத இடத்தில், தெரிந்ததைத்தானே சொல்வார்?

குறை சொல்லிவிட்டுப் போனால் நான் என்ன டீச்சர்? தையல் பிரிக்கப் போனபோது, அந்த 14 வரியைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் வாங்கிப் படித்து இரண்டு இடத்தில் சிவப்பு மையால் திருத்தினார். வாழ்நாள் முழுக்க மற்றவர் தாளைத் திருத்தினவளுக்கு இது நல்ல பாடம். திருத்திய பிரதி கீழே இருக்கிறது. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பல் எடுத்த பின் வீட்டில் செய்ய வேண்டியவை:

1. வாயில் வைத்த பஞ்சை முக்கால் மணி நேரம் இறுக்கிக் கடித்திருக்கவும். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம். எடுத்த பிறகும் ரத்தம் வந்தால் புதுப் பஞ்சை வைத்து இன்னும் அரை மணி நேரம் கடிக்கவும்.

2. முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கக் கூடாது. துப்பக் கூடாது. எச்சிலை விழுங்கவும். எச்சில் லேசாகச் சிவந்து வருவதற்குப் பயப்பட வேண்டாம்.

3. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. விரலாலோ நாக்காலோ குழியைத் தொடக் கூடாது.

4. முதல் நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் மேல் பத்து, பதினைந்து நிமிடம் வைக்கவும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி வைக்கவும்.

5. மரத்தது முழுக்கத் தெளிந்த பிறகே சாப்பிடவும். இல்லாவிட்டால் கன்னத்தையும் உதட்டையும் கடித்துக்கொள்வீர்கள். ஆறின ராகிக் கூழ், மசித்த தயிர் சாதம், பாலில் ஊறின இட்லி நல்லது. சூடும் காரமும் முறுக்கும் வேண்டாம். அடுத்த பக்கத்தில் மெல்லவும்.

6. 24 மணி நேரம் கழிந்த பிறகு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு, நாளைக்கு நான்கைந்து தடவை. வேகமாகக் கொப்பளிக்காமல், வாயில் வைத்திருந்து தானாக விழ விடவும்.

7. மறுநாளிலிருந்து மற்ற பற்களை மெதுவாகத் துலக்கலாம். தையல் பக்கம் பிரஷ் படக் கூடாது.

8. பீடி, சிகரெட், புகையிலை, மது எதுவும் கூடாது. குறைந்தது மூன்று நாள். ஒரு வாரம் விட்டால் இன்னும் நல்லது. ஒரேயடியாக விட்டால் ரொம்ப நல்லது. (கடைசி வாக்கியம் டாக்டர் சேர்த்தது.)

9. எழுதிக் கொடுத்த மாத்திரையை எழுதின அளவில் சாப்பிடவும். வலிக்கிறது என்று இரண்டாகப் போட வேண்டாம். சர்க்கரை, பிரஷர், இதய மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் எடுக்கும் முன்பே சொல்லவும். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

10. வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறும், பிறகு இறங்கும். வாய் முழுக்கத் திறக்க ஒரு வாரம்கூட ஆகலாம். படுக்கும்போது தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கவும்.

11. ரத்தம் நிற்கவில்லை, மூன்றாம் நாளுக்கு மேல் வலியோ வீக்கமோ ஏறுகிறது, காய்ச்சல், உதடு மரத்தது தெளியவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் போகவும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும்.

இவ்வளவுதான். எங்காவது புரியாத வார்த்தை இருக்கிறதா, சொல்லுங்கள்.

"இந்தத் தாளை இங்கயே வெச்சுட்டுப் போங்கம்மா, பார்க்கலாம்" என்றார் டாக்டர். அந்தப் "பார்க்கலாம்" எனக்குத் தெரிந்த பார்க்கலாம்தான். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை சொல்கிற பார்க்கலாம். பக்கத்துப் பல் சொத்தையை அடைக்க அடுத்த மாதம் போக வேண்டும். அந்த மேசையில் தமிழ்த் தாள் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லை என்றால் மறுபடி கேட்பேன். எனக்கு நேரம் இருக்கிறது, பென்சன் வருகிறது.

வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கும் என் பிள்ளைகளுக்கு மூன்றே வேலை. ஒன்று, உங்கள் ஆஸ்பத்திரித் தாளைத் தமிழில் கொண்டுவாருங்கள், கொட்டை எழுத்தில். இரண்டு, பல் எடுப்பதற்கு முன்பே, வாய் பேச முடிகிற நேரத்தில், கூட வந்தவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள். மூன்று, "எங்கே, நான் சொன்னதைச் சொல்லுங்க பார்ப்போம்" என்று கேளுங்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் பிள்ளைகள் மாத்திரை அட்டையின் மேல் காலை, மதியம், ராத்திரி என்று எழுதிக் கொடுங்கள்.

மொழிபெயர்க்கச் சிரமமாக இருந்தால் எனக்கு அனுப்புங்கள். காசு வேண்டாம், ஒற்றுப்பிழைகூட இல்லாமல் எழுதித் தருகிறேன். பல், தையல் மட்டுமில்லை. கண் ஆபரேஷன், பிரசவம், எலும்பு முறிவு என்று எந்தத் தாளாக இருந்தாலும் சரி.

செய்து முடித்தவர்கள் அந்தத் தாளைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். டீச்சர் திருத்தி மார்க் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்